கலவைச் சரக்கிலிருந்து உலோகம் பிரிக்க நாமே செய்யும் மெஷின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று பட்டறைகள் நிறைந்த பகுதியில் எங்கள் ஷெட் இருக்கிறது. பழைய இரும்புக் கடையாகத் தொடங்கியது. இப்போது இரும்பு, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக், மண் எல்லாம் சேர்ந்து வரும் சரக்கை வாங்கிப் பிரித்து விற்கிறோம். மெஷின்களைப் பக்கத்து லேத் பட்டறையில் வைத்து நாங்களே செய்தோம். பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எந்த மெஷினைச் செய்யலாம்? அலுமினியம் துள்ளி விழுகிற மெஷினா, காந்த மெஷினா?

இரண்டும் இல்லை, சல்லடை. இதைச் சொன்னால் வந்தவர்கள் முகம் வாடிவிடுகிறது. ஆனால் எங்கள் ஷெட்டில் இரண்டு வருடம் வீணாய்ப் போனதே இது தெரியாததால்தான்.

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நெல்லும் பதரும் ஏறக்குறைய ஒரே அளவு, எடைதான் வேறு. அதனால்தான் காற்று அவற்றைச் சுலபமாகப் பிரிக்கிறது. நம் சரக்கு அப்படி இல்லை. ஒரு மில்லிமீட்டர் செம்புத் துணுக்கும் வயர் உறையிலிருந்து வந்த ஆறேழு மில்லிமீட்டர் பிவிசி பிளாஸ்டிக் துண்டும் கலந்து கிடக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் செம்பின் அடர்த்தி 8.96, பிவிசி சுமார் 1.35. செம்பு ஆறரை மடங்கு கனம். ஆனால் பிளாஸ்டிக் துண்டும் ஆறரை மடங்கு பெரிதாக இருந்தால், காற்றில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் விழும். எவ்வளவு நல்ல புளோயர் வைத்தாலும் இவற்றைப் பிரிக்க முடியாது.

அலுமினிய வயரில் இது இன்னும் மோசம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, பிவிசியைப் போல இரண்டே மடங்கு. அளவில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தாலே குழம்பிவிடும். அதனால் முதலில் 2, 4, 8 மில்லிமீட்டர் என்று சலித்து, ஒவ்வொரு குவியலையும் தனித்தனியாக மெஷினில் விடுங்கள். நேற்று வரை பிரிக்காத அதே மெஷின் இன்று பிரிக்கும்.

சல்லடையை எப்படிச் செய்வது?

200 லிட்டர் டிரம்மே போதும். பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே துளையிட்ட தகட்டைச் சுற்றி வெல்டு வையுங்கள். ஒரு முனை சில டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கியர்பாக்ஸோடு அரை ஹெச்.பி. மோட்டார் தாராளம்.

வேகத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். அந்த டிரம்மின் விட்டம் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 55 சுற்றைத் தொட்டால் சரக்கு உள்சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், சலிக்காது. அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக, 22 முதல் 27 சுற்றுக்குள் வையுங்கள். சரக்கு பாதி உயரம் ஏறிச் சரிந்து விழும் சத்தம் சீராகக் கேட்கும். நீளமான வயர் போனால் துளையில் சிக்கி நிற்கும். டிரம்முக்கு மேலே வெளிப்பக்கம் உரசுகிற மாதிரி ஒரு தெருக்கூட்டும் பிரஷ்ஷைக் கட்டிவிட்டால் அடைப்பு குறையும்.

பழைய ஸ்பீக்கர் காந்தம் போதுமா?

போதும். ஸ்பீக்கரில் இருப்பது ஃபெரைட் காந்தம். கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கில் கிடைக்கும் நியோடிமியத்தைவிடப் பலம் குறைவுதான், ஆனால் சூட்டைத் தாங்கும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும்.

காந்தத்தின் இழுப்பு தூரம் கூடக்கூடச் சட்டென்று விழுந்துவிடும். பெல்ட்டில் சரக்கை அரையடி உயரத்துக்குக் கொட்டிவிட்டு, காந்தம் இழுக்கவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு அடுக்காகப் பரப்பி விடுங்கள்.

டிரம் வகைதான் நல்லது. உள்ளே காந்தங்கள் அரை வட்டத்துக்கு மட்டும் அசையாமல் நிற்கும். வெளியே எவர்சில்வர் அல்லது பிவிசி உறை மட்டும் சுழலும். இரும்பு உறையோடு ஒட்டிக்கொண்டு சுற்றிவந்து, காந்தம் முடிகிற இடத்தில் தானே கழன்று விழும். காந்தத்தை உறையோடு சேர்த்துச் சுழல விட்டால் இரும்பு விழவே விழாது. கையால் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உறையின் மேல் குறுக்காக நாலைந்து பட்டைகளும் வையுங்கள், இல்லாவிட்டால் இரும்பு ஒரே இடத்தில் வழுக்கிக்கொண்டு நிற்கும்.

காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர். சரிதானே?

பாதி சரி. 304 ரக எவர்சில்வர் ஒட்டாது, ஆனால் அதையே வளைத்து அழுத்திய இடங்களில் லேசாக ஒட்டும். 400 வரிசை எவர்சில்வர் நன்றாகவே ஒட்டும். செம்பு முலாம் பூசிய இரும்புக் கம்பியும் உண்டு. பார்த்தால் செம்பு, காந்தத்தில் வைத்தால் ஓடிவந்து ஒட்டும். செம்பு என்று எந்தக் கம்பி வந்தாலும் ஒருமுறை காந்தத்தில் காட்டாமல் எடை போடாதீர்கள்.

சந்தேகமானதைக் கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள். சாதா இரும்பு நீளமாக, மஞ்சளாகப் பொறி விடும். வார்ப்பிரும்பின் பொறி சிவப்பாக, குட்டையாக இருக்கும். செம்பு, பித்தளை, அலுமினியத்தில் பொறியே வராது.

வயரைக் கொளுத்தினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இத்தனை மெஷின் எதற்கு?

இந்தக் கேள்விக்கு நான் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

பிவிசியில் குளோரின் இருக்கிறது. எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. நுரையீரலின் ஈரத்தில் பட்டதும் அது அமிலமாகிறது. கூடவே டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகிறது, அது உருவாவதற்குச் செம்பே தூண்டுகோலாக வேலை செய்கிறது. பிளாஸ்டிக்கை மட்டும் எரிப்பதைவிட வயரை எரிப்பது மோசமானது என்பது இதனால்தான். டையாக்சின் மண்ணில் தங்கி, அங்கே மேய்கிற கோழியின் முட்டையிலும் மாட்டின் பாலிலும் சேரும். பழைய வயர்களின் பிவிசியில் ஈய உப்பும் கலந்திருக்கும், சாம்பலில் மிஞ்சுவது அதுதான். எங்கள் தெருவிலேயே வயர் எரித்த காலிமனை ஒன்று உண்டு. எரிப்பதை நிறுத்திப் பல மழை பார்த்த பிறகும் அந்தக் கறுப்புத் திட்டுகளில் புல் முளைக்கவில்லை. அந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துத்தான் என் அப்பா, இனி ஷெட்டில் தீப்பெட்டியே கூடாது என்று முடிவெடுத்தார்.

வியாபாரத்துக்கும் நஷ்டம்தான். எரித்த செம்பு கறுத்து, மேல்தோல் ஆக்சைடாகி உதிர்ந்து, எடை குறைந்து, விலையும் குறைந்து போகும். முடி போன்ற மெல்லிய இழைகளில் இந்தச் சேதம் இன்னும் அதிகம். பளபளப்பாக உரித்த செம்புக்குக் கிடைக்கும் விலை அதற்கு ஒருநாளும் கிடைக்காது.

பென்சில் கனத்துக்கு மேல் உள்ள கேபிளை உரிக்கும் மெஷினில் விடுங்கள். பல் வெட்டிய இரண்டு உருளை, நடுவில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பிளேடு, பழைய வாஷிங் மெஷின் மோட்டார், அவ்வளவுதான். கேபிளைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு எடுத்தால் பிவிசி இளகி, வெண்ணெய் மாதிரி உரிந்துவரும்.

மெல்லிய வயரை உரிக்க முடியாதே?

உரிக்க வேண்டாம், பொடியாக நறுக்குங்கள். நாலு மில்லிமீட்டருக்குக் கீழே நறுக்கினால் செம்பும் உறையும் பெரும்பாலும் தானே பிரிந்துவிடும். பிறகு சலித்து, காற்றிலோ தண்ணீரிலோ பிரிக்கலாம்.

கைவேலையில் தண்ணீர்தான் சுலபம். காற்றில் செம்பு பிவிசியைவிட ஆறரை மடங்கு கனம் என்றேன். தண்ணீருக்குள் இரண்டும் அதனதன் அளவுத் தண்ணீரின் எடையை இழக்கின்றன. அதனால் செம்பு 7.96 ஆகிறது, பிவிசி 0.35 ஆகிறது. வித்தியாசம் சுமார் 23 மடங்கு. தாது பிரிக்கும் துறையில் இந்தக் கணக்கை எப்போதும் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் பொடியைக்கூட நன்றாகப் பிரிக்கலாம். 1.25க்குக் கீழே என்றால் தண்ணீரால் பிரிப்பது நடக்காத காரியம்.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். அலுமினியமும் கண்ணாடியும் 1.13, பிரியாது. செம்பும் பித்தளையும் அதைவிடக் குறைவு, பிரியவே பிரியாது. இது தெரியாமல் தொட்டி கட்டிப் பணத்தைத் தண்ணீரில் விட்டவர்கள் உண்டு.

உப்புத் தண்ணீரில் பிவிசி மிதக்கும் என்கிறார்களே?

மிதக்காது. இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைப் போட்டாலும் தண்ணீரின் அடர்த்தி 1.2ஐத்தான் எட்டும். பிவிசி அதைவிடக் கனம். பாலித்தீன் உறை மட்டும் சாதாத் தண்ணீரிலேயே மிதக்கும். பிவிசியை ஓடும் தண்ணீரால் தள்ளித்தான் பிரிக்க வேண்டும், மிதக்க வைத்து அல்ல. அதற்கான மெஷின்தான் ஆட்டுமேசை.

ஆட்டுமேசை எப்படி வேலை செய்கிறது?

நகைப் பட்டறைகளின் கூட்டித்தள்ளிய தூசியை வாங்கி, அதிலிருந்து தங்கம் எடுக்கிற அரிப்புக்காரர் வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா? சிறுவயதில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். தட்டைத் தண்ணீருக்குள் சாய்ப்பார், ஒரு வட்டம் சுழற்றுவார், கலங்கிய தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழியும். பிறகு கட்டைவிரலால் விளிம்பில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கனமான கறுப்பு மண் பின்னுக்கு நகரும், அதன் வாலில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். நான் அப்போது கவனிக்காத ஒன்று இப்போது நினைவுக்கு வருகிறது. தண்ணீரில் போடும் முன் அவர் தூசியை மூன்று சல்லடையில் சலித்தார்.

ஆட்டுமேசை அந்தத் தட்டையும் கட்டைவிரலையும் மோட்டாரால் செய்வது. லேசாகச் சாய்ந்த ஒரு பலகை, அதன் மேல் நீளவாக்கில் ஒட்டிய மெல்லிய ரப்பர் பட்டைகள், மேல் ஓரத்தில் துளையிட்ட குழாயிலிருந்து விரிப்பு மாதிரி வழியும் தண்ணீர். பலகை ஒரு பக்கம் மெதுவாகப் போய், மறுபக்கம் வெடுக்கென்று திரும்ப வேண்டும். இந்த வெடுக்கு இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே சீராக ஆடினால் சரக்கு நின்ற இடத்திலேயே நடுங்கும். ஒரு எக்சென்ட்ரிக்கும் (மையம் விலகிச் சுழலும் சக்கரம்), முடிவில் மரக்கட்டையில் மோதி நிற்க ஒரு ஸ்பிரிங்கும் போதும்.

சரியாக அமைந்துவிட்டால் பார்க்கவே நன்றாக இருக்கும். வெள்ளை, சிவப்பு, பச்சை உறைத் துணுக்குகள் தண்ணீரோடு பட்டைகளைத் தாண்டிக் கீழ் ஓரத்துக்கு வழிந்துவிடும். செம்பு மட்டும் பட்டைகளின் இடுக்கில் வரிசையாக ஊர்ந்து, பலகையின் கடைசி முனைக்குச் செந்நிறக் கோடாக வந்து சேரும். முதல் நாள் அந்தக் கோட்டைப் பார்த்தபோது மதியச் சாப்பாடு மறந்துபோனது.

காற்று மேசை என்பதும் இதே ஏற்பாடுதான். தண்ணீருக்குப் பதில் கீழிருந்து வலை வழியாகக் காற்று. உலர்ந்த சரக்கு கிடைக்கும், ஆனால் தூசி பறக்கும், சலிப்பதிலும் இன்னும் கவனம் வேண்டும்.

பிளாஸ்டிக்கோடு செம்பு இழை போய்விடுகிறதே?

முடி போன்ற இழைகள் காற்றிலும் தண்ணீரிலும் இறகு மாதிரி மிதந்து போகும். இழை அதிகமுள்ள வயரை இன்னும் பொடியாக நறுக்கித் தனியாக ஓட்டுங்கள். நறுக்கும் பிளேடு மழுங்கினால் இழை வெட்டுப்படாமல் நசுங்கி நீளும், அதையும் பாருங்கள். வெளியேறும் பிளாஸ்டிக்கில் தினமும் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். செம்பு மின்னினால் அந்தக் குவியல் மறுபடி மேசைக்குப் போகும்.

அலுமினியம் துள்ளி விழும் மெஷினை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் இந்தப் பட்டியலில் அதிக ஆபத்தானது இதுதான்.

ஒரு செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டுப் பாருங்கள், தேனுக்குள் விழுவது போல மெதுவாக இறங்கும். காந்தப்புலம் மாறும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி எதிர்த்துத் தள்ளுகிறது. மெஷினில் வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றிக் காந்தம் பதித்த உருளை, பெல்ட்டின் முனையில் வேகமாகச் சுழல்கிறது. அலுமினியம் எம்பிப் பாய்கிறது, பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் அங்கேயே விழுகின்றன. தண்ணீரால் பிரியாத அலுமினியத்தையும் கண்ணாடியையும் இது பிரித்துவிடும்.

எது எவ்வளவு தூரம் பாயும் என்பது, மின்கடத்தும் திறனை அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது. அலுமினியத்துக்கு 14 என்று வைத்தால் செம்புக்கு 6.6, துத்தநாகத்துக்கு 2.4, பித்தளைக்கு 2க்கும் குறைவு, ஈயத்துக்கு 0.4, எவர்சில்வருக்கு 0.2. எவர்சில்வர் அசையாது. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த துணுக்குகள் எதுவானாலும் சரியாகத் துள்ளாது. இங்கேயும் சல்லடைதான் முதலில்.

ஆபத்துக்கு வருவோம். 15 சென்டிமீட்டர் உருளை நிமிடத்துக்கு 2000 சுற்று சுழன்றால், அதில் ஒட்டிய 100 கிராம் காந்தம் ஒவ்வொன்றையும் சுமார் 33 கிலோ பாரம் வெளியே இழுப்பதற்குச் சமம். வெறும் பசை நிற்காது. எங்கள் முதல் உருளையில் ஒரு காந்தம் கழன்று தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. அன்று எதிரே யாரும் நிற்காதது எங்கள் பாக்கியம். காந்தங்களின் மேல் எபாக்சி பசையோடு கண்ணாடி இழைத் துணியைப் பல சுற்று இறுக்கிச் சுற்ற வேண்டும். முழு மெஷினும் கனமான தகட்டுக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். காந்த உருளையை மூடும் வெளி உறை மட்டும் உலோகமாக இருக்கக் கூடாது, அதுவே சூடாகிவிடும். இரும்பை முன்னாடியே முழுசாக எடுத்துவிடுங்கள். ஒரு ஆணி பெல்ட்டில் வந்தால்கூட உருளைக்கு நேரே ஒட்டி நின்று, கொதித்து, பெல்ட்டைப் பொசுக்கும்.

மோட்டார், ஆர்மெச்சர் எல்லாம் காந்தத்தில் ஒட்டுகின்றன. செம்பை எப்படி எடுப்பது?

ஒட்டியிருக்கும் இரண்டு உலோகத்தை எந்த மெஷினாலும் பிரிக்க முடியாது, முதலில் பிரித்தெடுத்தாக வேண்டும். ஸ்டேட்டரின் (மோட்டாரின் அசையாத வெளிப்பகுதி) ஒரு பக்கத்து வைண்டிங்கை, அதாவது செம்புச் சுற்றை, உளியால் மட்டமாக வெட்டிவிட்டு, மறுபக்கம் கொக்கி மாட்டி ஹைட்ராலிக் ஜாக்கியால் இழுங்கள். கொத்தாக உருவி வரும்.

எதை மெஷினில் போடவே கூடாது?

லித்தியம் பேட்டரி நசுங்கினால் அந்த நொடியே தீப்பிடிக்கலாம். பழைய செல்ஃபோன், பொம்மை, பவர் பேங்க் எதையும் கையால் பிரித்துப் பார்க்காமல் உள்ளே விடாதீர்கள். மூடிய சிலிண்டர், ஸ்பிரே டப்பா, வண்டி ஷாக் அப்சார்பர் எல்லாம் வெடிக்கும். ஈய பேட்டரியை உடைக்காமல் அங்கீகாரம் பெற்றவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள். சர்க்யூட் போர்டை அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுக்கிற வேலையை வீட்டில் தொடவே வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும், அமிலக் கழிவு கிணற்றைக் கெடுக்கும்.

அளவுக்கு மீறிக் கனக்கும், ஈயம் பொதிந்த கலன் வந்தால் அறுக்காதீர்கள். 2010ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட ஒரு பழைய ஆய்வுக் கருவிக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. தெரியாமல் பிரித்ததில் பலர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். மூன்று இதழ் விசிறி மாதிரியான கதிரியக்கக் குறியை உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். பார்த்தால் தள்ளி நின்று போலீஸுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

பாதுகாப்புக்கு என்னென்ன அவசியம்?

பெல்ட்டுக்கும் புல்லிக்கும் கம்பிவலை மூடி. கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்து பட்டன். தண்ணீர் மேசை இருந்தால் எர்த்தும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இல்லாமல் ஓட்டவே கூடாது. சுழலும் ஷாஃப்ட் பக்கத்தில் கையுறையும் லுங்கியும் துண்டும் வேண்டாம், மாட்டினால் ஆளையே இழுக்கும். நறுக்கும் மெஷின் வாய்க்குள் கை எட்டாதபடி, சரக்குப் போடும் ஹாப்பர் நீளமாக இருக்கட்டும்.

தூசியை அலட்சியப்படுத்தாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது. என்-95 மாஸ்க் போடுங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வேலைச் சட்டையை ஷெட்டிலேயே கழற்றி வையுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. அலுமினியப் பொடி குவிந்தால் அது தனி ஆபத்து. காற்றில் பறந்தால் வெடிக்கும், ஈரமானால் ஹைட்ரஜன் விடும்.

கழுவிய தண்ணீரை என்ன செய்வது?

சாக்கடையில் விடக் கூடாது. மூன்று தொட்டி வரிசையாகக் கட்டி, ஒன்றில் தெளிந்தது அடுத்ததுக்கு வழியட்டும். மூன்றாவதிலிருந்து பம்பு வைத்து மேசைக்கே திருப்பலாம். நாங்கள் தினமும் ஆவியாகும் அளவு மட்டும்தான் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். அடியில் தங்கும் சேற்றை அபாயக் கழிவாக நினைத்து மூட்டை கட்டி வைத்து, முறைப்படி ஒப்படையுங்கள்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். மின்னணுக் கழிவு என்றால் 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். தொழிற்கூடத்துக்கு மாநில வாரியத்தின் இசைவும் வாங்க வேண்டும். மெஷின் செய்யத் தொடங்கும் முன்னாலேயே போய் விசாரியுங்கள், ஷெட் போட்ட இடமே ஆகாது என்று பிறகு தெரிந்தால் எல்லாம் வீண்.

கட்டுபடியாகுமா?

அதை நான் சொல்ல முடியாது, உங்கள் சரக்குதான் சொல்லும். வழக்கமாக வரும் குவியலில் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் அள்ளிப் பத்துக் கிலோ எடுங்கள். மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு நாள் உட்கார்ந்து கையாலேயே பிரித்துத் தனித்தனியாக எடை போடுங்கள். கேபிள் என்றால் ஒரு மீட்டர் வெட்டி, உரித்து, செம்பையும் உறையையும் தராசில் வையுங்கள். அந்த எடைகளை அன்றைய விலையால் பெருக்கி, சரக்கு வாங்கிய விலை, கரண்டு, கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் நின்றால், பத்துக் கிலோவையும் மறுபடி கலந்து சல்லடையில் போட்டுப் பாருங்கள். எந்த அளவில் எந்த உலோகம் குவிகிறது என்று பார்த்ததுமே, அடுத்து எந்த மெஷின் செய்யலாம் என்பது தெரிந்துவிடும்.